ஐம்பத்தொன்பது புள்ளி எட்டு

லோர்னா புறப்பட்டுப் போனது 1986ஆம் வருஷம் நவம்பர் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. மழையும் இல்லை, வடமேற்குக் காற்றும் இல்லை. அப்படியொரு நாள் நவம்பரில் ஃபேர்லிக்கு வாய்ப்பது அபூர்வம். அதனால் சுற்றுவட்டாரத்துப் பண்ணைகளில் எல்லாம் ரோமம் கத்தரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா வழியனுப்ப வரவில்லை. “ஆட்டு ரோமம் காஞ்சிருக்கு. இன்னைக்கு விட்டா நாளைக்கு மழை புடிச்சுக்கும்” என்று கொட்டகை வாசலிலிருந்தே கையை உயர்த்திக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அக்கா ரேவின்தான் வண்டியை ஓட்டினாள். பின்தட்டில் வைக்கோல் கட்டும் கயிற்றால் கட்டிப் போட்ட பனிச்சறுக்குப் பலகைகள் கிறைஸ்ட்சர்ச் வரை தடதடத்துக்கொண்டே வந்தன.

“காலுறை எத்தனை ஜோடி வச்ச?” என்று கேட்டாள் ரேவின்.

“பதினாலு. போதுமாங்க அம்மா?”

“கிண்டலா? உன் கால் நாத்தத்த ஆஸ்திரியாக்காரன் தாங்கணுமேன்னு கேட்டேன்.”

“அவனுங்க பாலாடைக்கட்டி நாத்தத்துலயே பொறந்து வளந்தவனுங்க, ரே. தாங்குவானுங்க.”

அம்மா இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ரேவினுக்கு இருபத்திரண்டு, லோர்னாவுக்குப் பத்தொன்பது. விமான நிலையக் கண்ணாடிக் கதவருகே தங்கை கட்டிக்கொண்டபோது, ரேவின் எதையோ சொல்ல வாயெடுத்தாள். “நாலு மாசம்தானே. மார்ச்சுல வந்து நாய்க்குச் சோறு போடறேன்” என்றாள் லோர்னா. ரேவின் அவள் பையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

சொல்ல வந்தது என்னவென்று தெரிய, மூன்று மாதம் பின்னால் போக வேண்டும்.

ஸ்டோனி சாடில் மலையில் ஊர்ப் பனிச்சறுக்குச் சங்கத்துக்கென்று இருந்தது ஒரு தகரக் குடிலும், பழைய டிராக்டர் இயந்திரத்தில் ஓடும் இழுவைக் கயிறும்தான். இடுப்புப் பட்டையில் பாக்குவெட்டி போல ஓர் இரும்புக் கவ்வி தொங்கும். ஓடுகிற கயிற்றைக் கையால் பிடித்து, கவ்வியை அதன் மேல் வீசி மாட்டினால் கயிறு ஆளை மேலே இழுத்துப் போகும். உறுப்பினர் என்றால் கோடையில் வந்து கயிற்றுத் தூண்களின் கப்பிகளுக்கு எண்ணெய் விட வேண்டும், குளிர்காலத்தில் ஆளுக்கொரு வேலை பார்க்க வேண்டும். பதினேழு வயதில் முழங்கால் முறிந்த பிறகு ரேவினுக்கு வாய்த்த வேலை ஸ்டாப்வாட்ச். பந்தயத்தில் எல்லைக்கோட்டருகே நின்று நேரம் எடுப்பாள். முறிவதற்கு முன் அந்தச் சரிவில் அவளைவிட வேகமாக இறங்கியவர்கள் கிடையாது. அதைப் பற்றி அவளும் பேசுவதில்லை, மற்றவர்களும் பேசுவதில்லை.

அந்தக் குளிர்காலத்து ஆகஸ்டில், சிறு சங்கங்களில் ஒளிந்திருக்கும் திறமையைத் தேடுகிறோம் என்று தேசியத் தேர்வுக் குழுவிலிருந்து ஒருவர் மலையேறி வந்தார். தானே கொடிக்கம்புகளை நட்டார், தானே ஒரு முறை இறங்கிப் பார்த்தார். “ஒரு நிமிஷத்துக்குள்ள எந்தப் பொண்ணு வந்தாலும் ஐரோப்பாவுக்குப் போற பயிற்சிக் குழுவுல சேத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டுத் தேநீரோடு ஒரு பாறைமேல் உட்கார்ந்தார்.

நேரம் எடுக்க இரண்டு பேர் வேண்டும் என்பது விதி. ரேவினும் கறிக்கடை காலினும் நின்றார்கள். குளிரில் காலினின் கடிகாரம் முகம் வெளுத்து நின்றுபோனது. “செத்த ஆடு கணக்கா கெடக்கு. உன்னோடதுதான்மா இனி சட்டம்” என்றார் அவர்.

மேலே கொடி விழுந்தது. ரேவின் அமுக்கினாள். லோர்னா நன்றாகத்தான் வந்தாள். கடைசிக் கம்பைத் தாண்டும்போது உள்பக்கப் பலகை லேசாக இடறியது. ஒரு தடுமாற்றம், அவ்வளவுதான். ரேவின் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐம்பத்தொன்பது ஓடிக்கொண்டிருந்தது. தங்கை கோட்டைத் தொட இன்னும் ஒரு வண்டி நீளம் இருந்தது. கட்டைவிரல் அமுங்கிவிட்டது.

ஐம்பத்தொன்பது புள்ளி எட்டு.

எல்லாரும் லோர்னாவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்ததில் ரேவினின் கையைப் பார்க்க ஆளில்லை. உண்மையில் அறுபதுக்கு மேல் ஒரு துளி இருந்திருக்கும். அதிகம் போனால் கால் வினாடி. ஆனால் அந்தக் கால் வினாடிக்கு இப்பால் நாய்க்குச் சோறும் ஆட்டுக் கொட்டகையும், அப்பால் உலகமும் இருந்தன. தங்கைக்காக அமுக்கினாளா, போக முடியாத தன் முழங்காலுக்காக அமுக்கினாளா, அது அவளுக்கே பிடிபடவில்லை.

மார்ச் வந்தது, லோர்னா வரவில்லை. இன்னொரு பருவம் இருக்கச் சொல்கிறார்கள் என்று அஞ்சலட்டை வந்தது. அதற்கடுத்த அட்டைகளில் எண்கள் வந்தன: முப்பத்தொன்பதாவது, நாற்பத்துநான்காவது, கடைசிக் கொடியில் விழுந்தேன். மூன்றாம் வருஷம் குழுவிலிருந்து அவளை விடுவித்தார்கள். இனி வந்துவிடுவாள் என்று ரேவின் பின்னறையைச் சுத்தம் செய்து, ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்து மாட்டினாள். ஆஸ்திரியாவிலேயே டிரோல் பக்கம் ஒரு கிராமத்தில் சுற்றுலாக்காரர்களுக்குச் சறுக்கக் கற்றுத்தரும் வேலை கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்தது. அடுத்த வருஷம் ஒரு ரொட்டிக்கடைக்காரரோடு எடுத்த கல்யாணப் படம் வந்தது. திரை வெயிலில் வெளுத்தது.

இதற்கிடையில் ஊரில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ஃபேர்லிப் பெண் ஒருத்தி ஐரோப்பாவில் பந்தயம் ஓடுகிறாள் என்ற செய்தி பள்ளத்தாக்கு முழுக்கப் பரவியதில், அதுவரை மலையை ஏறிட்டும் பார்க்காத வீடுகளிலிருந்து பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். இறைச்சி ஆலைத் தொழிலாளியின் மூன்று பெண்கள் ஒரே ஜோடிக் காலணியை மணிக்கொருத்தியாக மாற்றிப் போட்டுக்கொண்டு சறுக்கினார்கள். பள்ளிக்கூடம் புதன்கிழமைதோறும் பேருந்து விட்டது. குடிலின் சுவரில் லோர்னாவின் படத்தை மாட்டி, அடியில் ‘59.8’ என்று சிவப்பு மையில் எழுதி வைத்தார்கள். யார் யாருடைய பரணிலோ கிடந்த காலணிகளையும் பலகைகளையும் வாங்கிவந்து, கால் அளவு பார்த்துப் பிள்ளைகளுக்கு மாட்டிவிடும் வேலையை ரேவின் எடுத்துக்கொண்டாள். அந்தப் படம் இருக்கும் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள்.

ஸ்டாப்வாட்சை மட்டும் அவள் மறுபடி தொடவில்லை. “கண்ணு சரியில்ல” என்றாள்.

“கண்ணு சரியில்லையாம். முன்னூறு கஜம் தள்ளி நிக்கிற ஆட்டுக்குக் கால்ல முள்ளுன்னு சொல்றா” என்று காலின் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

தொண்ணூற்றொன்றில் ஸ்னோபோர்டு வந்தது. டிமாருவிலிருந்து ஏழெட்டு இளவட்டங்கள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோது, சங்கத் தலைவர் பேசில் ட்வீடி கூட்டம் கூட்டினார்.

“ரெண்டு காலையும் ஒரே பலகையில கட்டிக்கிட்டு எப்படிய்யா கயித்துல ஏறுவானுங்க? சாக்குல போட்டுக் கட்டின ஆடாட்டம் தூணுக்குத் தூணு உருண்டு கெடப்பானுங்க.”

“போன ஞாயித்துக்கிழமை மூணாவது தூண்ல கோட்டு மாட்டிக்கிட்டுத் தொங்கினது யாரு பேசில்?” என்று கேட்டாள் ரேவின். “உங்களுக்குத்தான் ரெண்டு பலகை இருந்துச்சே.”

குடில் சிரிப்பில் அதிர்ந்தது. பேசில் கூடச் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

“அது வேற விஷயம். சங்கத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. லோர்னா மாதிரிப் பொண்ண உருவாக்கின எடம் இது. அரை வினாடி கூட ஏமாத்தாம...”

ரேவினுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. “வரட்டும். வந்தவங்களத் திருப்பி அனுப்பறதுக்கு நாம யாரு?” என்று சொல்லிக் கையைத் தூக்கினாள். அவள் தூக்கியதைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள்.

பேசில் சொன்னது அன்று முழுக்க அவளை அரித்தது. உண்மையைச் சொன்னால் சுவரிலிருந்து ஒரு படம் இறங்குவதோடு முடியாது. புதன்கிழமைப் பேருந்தில் இருந்து குதிக்கும் நாற்பது பிள்ளைகளும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் கயிற்றைப் பிடித்தார்கள். ஊருக்குச் சொல்ல முடியாது. ஆனால் லோர்னாவிடம் சொல்லியாக வேண்டும். பொய்யான நேரத்தைக் கொடுத்துத் தோற்பதற்கென்றே உன்னை அனுப்பினேன், திரும்பி வா என்று சொல்ல வேண்டும். திரும்பி வா என்பதை மட்டுமாவது சொல்ல வேண்டும்.

சில வருஷம் கழித்து அப்பா இறந்த செப்டம்பரில் லோர்னாவால் வர முடியவில்லை, தொலைபேசியில் அழைத்தாள். கம்பியில் குரல் போய்ச் சேர ஒரு கணம் பிடித்தது. இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.

“நீ சொல்லு, ரே.”

“இல்ல, நீ சொல்லு.”

“ஒண்ணுமில்ல. அங்க பனி எப்படி?”

“ஈரப் பனி. அங்க?”

“இங்க இன்னும் விழல.”

அந்த ஈரப் பனியைப் பற்றி ஆறு நிமிடம் பேசினார்கள். வைத்த பிறகு ரேவின் பின்னறைக்குப் போய், வெளுத்த திரையைக் கழற்றித் துவைத்து, ஈரம் காயுமுன் மறுபடி மாட்டினாள். ஒவ்வொரு ஆகஸ்டிலும் சரிவின் உச்சியில் யாராவது தோளை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்து இறங்கிவந்தால், அவள் கையிலிருக்கும் காலணியை வைத்துவிட்டு நிமிர்வாள். அருகே வந்ததும் அது யாரோ ஒருவரின் பெண்ணாக இருக்கும். லோர்னாவுக்கு இதற்குள் நரைத்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் நிமிர்வாள்.

2014 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சங்கத்தின் கோடை வேலைநாள். மலை புல்லும் கல்லுமாகக் காய்ந்து கிடந்தது. ரேவினுக்கு ஐம்பது ஆகப்போகிறது. ஏணியில் நின்று குடிலின் கூரைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். கீழே காலின் ஏணியைப் பிடித்துக்கொண்டு, “மெதுவாப் பூசு, அவசரமில்ல. நான் செத்ததுக்கப்புறம் முடிச்சாப் போதும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. கிறிஸ்துமஸுக்கும் பிறந்தநாளுக்கும் அல்லாமல் லோர்னாவிடமிருந்து செய்தி வருவதில்லை. இது இரண்டும் இல்லை. ரேவின் இறங்கி, சாயக் கையைத் துடைத்துக்கொண்டு, கற்குவியல் மேல் உட்கார்ந்து படித்தாள்.

“ரே, இன்னைக்கு இங்க பிள்ளைங்க பந்தயம். என் மக ஹன்னாவும் ஓடினா. பன்னெண்டு வயசு. மாவட்டப் பயிற்சிப் பள்ளிக்கு எடுக்கறாங்க, எடுத்தா விடுதியிலயே தங்கணும். எல்லாம் மின்கண் வச்சுத்தான் நேரம் பாக்கறாங்க. அது கெட்டுப்போனா இருக்கட்டும்னு ஒருத்தர் கையாலயும் எடுக்கணும். இன்னைக்கு அந்த ஆள் நான். அவ கடைசிக் கம்பத் தாண்டறா, நேரம் முடியப்போகுது, என் வெரல் அமுக்கிடுச்சு. கோட்டுக்கு இன்னும் தூரம் இருந்துச்சு. நல்லவேளை, மின்கண் கெடல. என் கணக்கு எடுபடல.

அன்னைக்கு நீ அமுக்கினத நான் பாத்தேன், ரே. தலையத் தூக்கி வந்ததால உன் கைய நேராப் பாத்தேன். கோட்டத் தாண்டறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷமா, நீ என்னை அனுப்பி வச்சன்னு நான் நெனக்கல. வீட்டவிட்டுத் தள்ளி விட்டன்னு நெனச்சேன். அதான் தோத்ததும் திரும்பி வர மனசு வரல. இன்னைக்கு என் கையப் பாத்த பிறகுதான் அது தள்ளி விடற கை இல்லன்னு புரிஞ்சுது.

ஹன்னாவ எடுக்கல. அரை வினாடி அதிகம். அழுதுக்கிட்டே தூங்கிட்டா. நான் பக்கத்து அறையில உக்காந்திருக்கேன். அவ வீட்டவிட்டுப் போகல. எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்குன்னு இங்க யார்கிட்டயும் சொல்ல முடியாது. உன்கிட்டதான் சொல்ல முடியும்.”