கல்லுக்குக் காட்டிய கற்பூரம்

மலேசியாவில், காஹாங் பக்கத்துக் குன்று ஒன்றில் தங்கம் தேடும் நிறுவனத்தில் நான் பாறை ஆய்வாளர். தங்கம் என்றால் என் முதலாளிக்கு வெள்ளைக் குவார்ட்ஸ் கல் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். நானோ கறுப்புக் களிமண் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது ஒரு காலத்தில் கடலடிச் சேறு. அதில் மக்கிப்போன உயிர்களின் கரிமம் பாறைக்குள்ளேயே தங்கிவிட்டது. பின்னாளில் தங்கம் கரைந்த சுடுநீர் அவ்வழியே ஏறியபோது, அந்தக் கரிமம்தான் தங்கத்தைப் பிடித்து வைத்தது என்பது என் கட்சி. தங்கத்தின் அளவு ஏற்கனவே கையில் இருந்தது. கரிமத்தின் அளவுதான் வரவேண்டும். கரிமம் கூடும் இடத்தில் தங்கமும் கூடியிருந்தால் கறுப்பு அடுக்கைத் தொடர்ந்து துளையிடலாம். இல்லாவிட்டால் குன்றையே விட்டுவிடலாம் என்றார் முதலாளி. குன்று போனால் என் வேலையும் போகும்.

குளுவாங்கில் எங்கள் கற்களைச் சோதிக்கும் சிறிய ஆய்வகத்தை நடத்துபவர் ஒரு தமிழ் அக்கா. அவர் அனுப்பிய முடிவைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. கறுப்புக் கல்லில் கரிமம். வெள்ளைக் கல்லிலும் கரிமம். ஒன்றுமே போடாமல் எரித்துப் பார்க்கும் வெறும் கிண்ணத்திலும் கரிமம்! கோபத்தோடு காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

உள்ளே நுழைந்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. முந்தைய வாரம்தான் ஆயுத பூஜை. கரிமம் அளக்கும் இயந்திரத்தின் நெற்றியில் சந்தனம், குங்குமம். பக்கத்துச் சுவரில் கற்பூரப் புகையின் கரி படிந்திருந்தது.

"அக்கா, கற்பூரம் கொளுத்துனப்போ என் கல்தூள் எங்க இருந்துச்சு?"

"இங்கதான், காயப் போட்டிருந்தேன். மெஷினுக்கு மட்டும் காட்டுனா போதுமா லா? ஒங்களுக்குத் தங்கம் கெடைக்கணும்னு ஒங்க கல்லுக்கும் சேர்த்துத்தான் காட்டுனேன்." சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே உறைத்துவிட்டது. "அலமாக்! அந்தப் பொகையா?"

திட்டுவதற்கென்றே போனவள் சிரித்துவிட்டேன். எனக்காக வேண்டிக்கொண்டவரை எந்த வாயால் திட்டுவது?

மிச்சமிருந்த கற்களைப் புதிதாக அரைத்து, சுண்ணாம்பின் கரிமம் போக அமிலத்தில் கழுவி, இந்த முறை மூடிக் காயவைத்து எரித்தோம். வெறும் கிண்ணம் சுத்தம். வெள்ளைக் கல்லில் கரிமம் இல்லையென்றே சொல்லலாம். கறுப்புக் கல்லில் எங்கெல்லாம் கரிமம் ஏறியதோ, அங்கெல்லாம் தங்கமும் ஏறியிருந்தது. அக்கா என்னைக் கட்டிக்கொண்டார்.

இரண்டு அளவுகளையும் சேர்த்து நான் வரைந்த வரைபடத்தை முதலாளி பார்த்தார். "சரி, அடுத்த துளைய கறுப்புலயே போடுங்க" என்றார்.

துளைக்கருவி கறுப்பு அடுக்கின் மேல் ஏறி நின்றது. முதல் துண்டுப் பாறை வெளியே வந்ததும் ஓடிப்போய் வாங்கினேன். கையெல்லாம் கரி. சாப்பிடக் கூப்பிட்டார்கள், கழுவ மனமில்லாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.