தரைக்கு அடியில் இருந்த டேங்க்

என் சித்தப்பா ஒரு மோட்டார் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கிற மஞ்சூருக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு எட்டு வயது. எங்கள் வீட்டுக்கு மேலேயும் தேயிலை, கீழேயும் தேயிலை. போகிறவர்கள் எல்லாம் நின்று, "ஏனுங்க, இத எங்க வுடப் போறீங்க?" என்று கேட்டார்கள். சித்தப்பா ஆளுக்கு ஒரு பதில் சொன்னார். அதனால் அந்தப் படகு எதற்காக எங்கள் வாசலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது என்பது எனக்கு விளங்கவே இல்லை.

விஷயம் இவ்வளவுதான். அவர் படகோட்டிக்கொண்டிருந்த ஏரிக்கரை விடுதியில் படகுச் சவாரியை நிறுத்திவிட்டார்கள். பழைய படகொன்றைச் சித்தப்பா மலிவாக வாங்கிக்கொண்டார். கேரளாவில் ஒருவர் அதை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். ஒழுகுகிற பெட்ரோல் டேங்கை மாற்றித் தர வேண்டும். படகின் தரை மட்டும் அறுபடாமல் இருக்க வேண்டும். அதுதான் அவர் போட்ட நிபந்தனை.

என் அப்பா தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா கடைவீதிக்குப் போன பிறகு, அப்பாவும் சித்தப்பாவும் வேலையைத் தொடங்கினார்கள். அந்த டேங்க் வெளியே தெரிகிற டேங்க் அல்ல. படகைக் கட்டும்போதே உள்ளே வைத்து, மேலே ஃபைபர் தரையைப் போட்டு மூடிவிட்டார்கள். இரண்டு இரும்புப் பட்டைகள் அதை இறுக்கிப் பிடித்திருந்தன. முன்பட்டையின் போல்ட் கைக்கு எட்டியது. பின்பட்டைக்கு, சீட்டுக்கு அடியில் இருந்த சின்னத் திறப்பு வழியாகத் தரைக்குக் கீழே ஊர்ந்து போக வேண்டும்.

"அறுத்தாத்தாண்டா வரும்" என்றார் அப்பா.

"தரையில கை வச்சா அவரு வாங்க மாட்டாருங்கண்ணா."

இருவரும் அந்தத் திறப்பைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்பா கவனமானவர்தான். முதல் நாளே பெட்ரோலை உறிஞ்சி எடுத்துவிட்டார். சித்தப்பாவின் பீடியைப் பிடுங்கி எறிந்தார். பொறி பறக்கும் என்று அறுக்கிற கிரைண்டரைப் பக்கத்திலேயே வரவிடவில்லை. காலி டேங்க் என்ன செய்துவிடும் என்று நினைத்திருப்பார். கையில் ஸ்பேனரைக் கொடுத்து, "எடது பக்கமாத் திருப்பு சாமி, வந்துரும்" என்று அனுப்பினார்.

உள்ளே மல்லாந்து படுத்ததும் எனக்கு இடது எது, வலது எது என்று குழம்பிவிட்டது. பெட்ரோல் வாடை முதலில் பிடித்துத்தான் இருந்தது. போல்ட் கொஞ்சம் அசைந்தது. பிறகு அது இரண்டு போல்டாகத் தெரிந்தது. எதைத் திருப்புவது என்று கேட்டேன், கேட்டதாகத்தான் நினைத்தேன். காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. அப்பா என்னைக் கூப்பிடுவது வெகுதூரத்தில், கீழ்ப் பள்ளத்தாக்கிலிருந்து யாரோ யாரையோ கூப்பிடுவதுபோலக் கேட்டது. பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அப்புறம் யாரோ என் கால்களைப் பிடித்து இழுத்தார்கள். ஸ்வெட்டர் எதிலோ மாட்டிக் கிழிந்தது. கண்ணைத் திறந்தபோது வானம் இருந்தது. சித்தப்பா என் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் வாந்தி எடுத்தேன். சந்துமுனையில் அம்மா வந்துகொண்டிருந்தாள். கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு அவள் ஓடி வந்ததும், உருளைக்கிழங்குகள் சரிவில் உருண்டதும் நினைவிருக்கிறது. வந்தவள் என்னை ஓங்கி ஓர் அறை அறைந்தாள். அறைந்த இடத்திலேயே முத்தம் கொடுத்தாள். எதற்கு எது என்று எனக்குப் புரியவில்லை.

"ஏண்டா, புள்ளையவாடா உள்ள வுட்ட? நீயெல்லாம் மனுசனாடா?"

யாரோ ஒரு சின்னப் பையனைத் திட்டுகிறாள் என்று நினைத்துச் சுற்றிலும் பார்த்தேன். அங்கே பையன் யாரும் இல்லை. அப்பாதான் நின்றுகொண்டிருந்தார். ஏனுங்க, வாங்க, சாப்பிடுங்க என்று மரியாதையாக அல்லாமல் அம்மா அவரிடம் பேசி நான் கேட்டதில்லை. அப்பா கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க, காத்தோட்டமா படுக்க வையுங்க" என்றார். வாசலிலேயே கட்டில் போட்டார்கள். குமட்டலுக்கு மோந்து பார்க்கச் சொல்லி அம்மா ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்துவிட்டு, எனக்குக் கஞ்சி வைக்க உள்ளே போனாள்.

காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. அப்பா தார்ப்பாயை முழுக்க உருவி எறிந்தார். கைரம்பத்தை எடுத்துக்கொண்டு படகில் ஏறினார். தரையை அறுக்கத் தொடங்கினார். டேங்க் வெளியே வர எவ்வளவு தேவையோ அதைவிட மிக அதிகமாக அறுத்தார். அறுத்த துண்டுகளைச் சித்தப்பா வாங்கி வாங்கிக் கீழே வைத்தார். கேரளாக்காரர் பின்னொரு நாள் வந்து, அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு, டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார். ஆனால் அறுத்த அன்றே டேங்க் வந்துவிட்டது. இருவரும் தூக்கி வெளியே வைத்தார்கள். அடிப்பக்கம் முழுக்க அரித்துப்போன, நசுங்கிய அலுமினியப் பெட்டி. இதற்குத்தானா என்றிருந்தது எனக்கு.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நல்ல சந்தேகமாகவும் பட்டது. சத்தமாகவே கேட்டேன்.

"இப்படி அறுக்கறதுன்னா மொதல்லயே அறுத்திருக்கலாமில்லீங்கப்பா?"

சித்தப்பா சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா ரம்பத்தைக் கீழே வைத்தார். படகைவிட்டு இறங்கி, வீட்டுக்குப் பின்னால் தேயிலைக்குள் போய்விட்டார். ஏதோ சாமான் எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார். கண்கள் இரண்டும் சிவந்திருந்தன. கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். மூக்கை உறிஞ்சினார்.

அப்பாவுக்கும் பெட்ரோல் ஏறிவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. எலுமிச்சம்பழத்தை நீட்டினேன். வாங்கி, இரண்டு கையாலும் மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"சரியாப் போச்சுங்களாப்பா?" என்றேன்.

தலையை ஆட்டினார். ஆனால் இருட்டும்வரை பழத்தைத் திருப்பித் தரவில்லை.