பக்கத்துக் கட்டில்காரியின் ஐந்து துளை

கட்டில் தள்ளிப் பிழைப்பவர்களே, உங்களுக்குத் தெரியாததா: ஒப்பரேஷன் வாட்டில் நோயாளிக்கு மருந்தைவிட முக்கியம், பக்கத்துக் கட்டிலுக்கு என்ன செய்தார்கள் என்பதுதான்.

வெட்டும் துளையும்

சண்டைக் காலத்தில் கண்டி ஆஸ்பத்திரி ஒன்றில் பெண் அட்டெண்டனாக இருந்தேன். ஹேவாஹெட்ட தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பார்வதியக்காவுக்கும், யாழ்ப்பாணத்துப் புனிதம் டீச்சருக்கும் அடுத்தடுத்த கட்டில். இரண்டு பேருக்கும் இரைப்பையில் புற்றுநோய். டீச்சருக்குத் தொடக்கத்திலேயே பிடிபட்டதால் ஐந்து துளை போட்டு, கமெராவை விட்டுக் கட்டியை எடுத்தார்கள். அக்காவுக்குக் கட்டி பெரிசு, வயிற்றைத் திறந்தார்கள். மறுநாளே டீச்சர் நடந்து போய் முகம் கழுவினார். அக்காவோ இருமுவதற்கே தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"டீச்சர்னா துளை, தோட்டத்துக்காரின்னா வெட்டா?"

முதல் நடை

டொக்டர் படம் கீறி விளக்கியும் அக்கா சமாதானமாகவில்லை. எழும்பவும் மறுத்துவிட்டார். நடக்காவிட்டால் நெஞ்சில் சளி கட்டும், வீட்டுக்குப் போவதும் தள்ளிப்போகும். கெஞ்சினேன், அதட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், "டீச்சர் ஜன்னல் வரைக்கும் போயிட்டாங்க" என்று போட்டேன். என் தோளைப் பிடித்து எழும்பியவர், ஜன்னலையும் தாண்டிக் கதவு வரைக்கும் போய்த்தான் நின்றார். வியர்த்துக் கொட்டியது.

"பாத்தீங்களா டீச்சர், வெட்டுன வயிறும் நடக்கும்!"

நோயாளி பார்க்கும் நேரம்

சோதனைச் சாவடியில் பஸ்ஸால் இறக்கி அடையாள அட்டை பார்த்ததால், அக்காவின் சனம் பிந்தித்தான் வந்தது. வந்தவர்கள் அக்காவின் வயிற்றில் போட்ட நீளக் கட்டைப் பார்த்துத் திருப்திப்பட்டார்கள். "நல்லாத் தொறந்து, வேரோட எடுத்துட்டாங்க. துளைக்குள்ளால என்ன பெருசா தெரியும்?" என்றாள் ஒரு நாத்தனார். டீச்சரின் முகம் கறுத்துவிட்டது. யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடந்ததால் அவரைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. உள்ளே செய்த வேலை ஒன்றுதான், வாசல்தான் வேறு என்று டொக்டர் சொல்லியும் கேட்கவில்லை.

"எனக்கும் ஒருக்கா வெட்டித் திறந்து பாத்திருக்கலாம்தானே, டொக்டர்?"

துண்டு வெட்டிய நாள்

டீச்சருக்குத்தான் முதலில் துண்டு வெட்டினார்கள், வீட்டுக்குப் போகலாம் என்று. எங்கே போவது? துண்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலிலேயே இருந்தார். டொக்டரும் நாலு நாள் கண்டும் காணாமல் விட்டார். பிறகு அக்காவின் முறை வந்தது. புருஷன், மகள்மார், நாத்தனார் என்று ஒரு வேன் நிறைய ஆட்கள். "நீர் குடுத்து வைச்ச ஆள், பார்வதி" என்றார் டீச்சர், சுவரைப் பார்த்தபடி. அக்கா நாத்தனாரை வேனில் ஒதுங்கி உட்காரச் சொன்னார்.

"வயித்தெரிச்சல் படாம ஏறுங்க டீச்சர், பாதை தொறக்குற வரைக்கும் எங்க லயத்து வீட்டுல கஞ்சி குடிக்கலாம்."

இந்தத் தொழிலில் எத்தனை பேரைத் தள்ளிக் கரைசேர்த்தாலும், தள்ளினவளுக்கு மட்டும் எந்த வேனிலும் இடமிருப்பதில்லை.