இன்னாசிராஜுக்கு மூன்றாவது மாடி

செல்வமேரி தில்லை நகரில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா. நோயாளி என்ன சாப்பிட்டார், எத்தனை தடவை வெளியே போனார் என்று அட்டையில் குறிக்கக் கற்றிருந்தாள். கட்டத்துக்கு வெளியே ஒரு வார்த்தை எழுதினாலும் ஹெட் நர்ஸிடம் ஏச்சு விழும். எழுபத்தேழாம் வருஷ வெள்ளத்தில் குடிசை போனவர்களுக்கு வீடு தருவதாகச் சொல்லி விண்ணப்பம் கொடுத்தார்கள். அதையும் அவள் அப்படியே நிரப்பினாள், கேட்டதற்கு மட்டும் பதில்.

குடும்பத்தில் இரண்டு பேர். கணவர் இன்னாசிராஜ், காந்தி மார்க்கெட்டில் சுமை தூக்குபவர். லாரியிலிருந்து மூட்டையோடு விழுந்து, இடுப்புக்குக் கீழே செத்துப்போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் சுமை தூக்குவோர் சங்கத்தில் அவர் பெயரை அடிக்கவில்லை. பித்தளை பேட்ஜும் அவரிடமே இருந்தது. அதன் நம்பரையும் சேர்த்து எழுதச் சொன்னவர் அவர்தான். நடப்பாரா என்று படிவம் எங்கும் கேட்கவில்லை.

வயசாளிகளுக்குக் கீழ்வீடு, உழைக்கிறவர்களுக்கு மேல்வீடு என்று பிரித்ததில் அவர்களுக்கு மூன்றாவது மாடி வந்தது. கக்கூஸோ கட்டடத்துக்குப் பின்னால், தரையில்.

கீழ்வீடு கேட்டு வீடு ஒதுக்கிய அலுவலகத்துக்குப் போனாள். குமாஸ்தா தர்மராஜ் படிவத்தைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"மூட்டை தூக்குறவருக்கு மாடிப்படி கஷ்டமாம்மா?"

"அவரையே தூக்கிட்டுத்தாங்க போகணும், காலு விளங்காது. கேட்டிருந்தா எழுதியிருப்பேன்."

அவர் பிறகு சிரிக்கவில்லை. ஒதுக்கியதை இனி மாற்ற முடியாது, கீழ்வீட்டுக்காரர் யாராவது சம்மதித்தால் இரண்டு பேரும் சேர்ந்து மனு கொடுக்கலாம் என்று சொல்லி, அதற்கும் ஒரு படிவம் நீட்டினார்.

யார் சம்மதிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே கீழ்வரிசையில் முதல் கதவைத் தட்டினாள். காஜா மைதீன் வீடு. அவருடைய வயதான அம்மாவுக்காகக் கொடுத்த வீடு அது. அவர் மனைவி வஹீதா முழுதாகக் கேட்கக்கூட இல்லை.

"எடுத்துக்கங்கக்கா. அன்னிக்குக் கழுத்து வரைக்கும் தண்ணி. மாமியும் மெதுவா ஏறிடுறேங்கிறாங்க. கீழ்வீட்டுல எனக்குக் கண்ணே மூடாது."

மனுவில் காரணம் எழுத இடம் விட்டிருந்தது. கணவருக்கு இடுப்புக்குக் கீழே விளங்காது என்று எழுதி, கையெழுத்துக்கு அவரிடம் கொண்டுபோனாள். அவர் பேனாவைத் தொடவில்லை.

"சங்கத்துக்குத் தெரிஞ்சா?"

"நீங்க லாரியிலேர்ந்து விழுந்த அன்னிக்கு உங்களத் தூக்கிட்டு வந்ததே அவங்கதானே."

வஹீதா ஏன் மேலே போகிறாள் என்பது அவருக்கும் தெரியும்.

"திரும்பத் தண்ணி வந்துச்சுன்னா?"

அதை அவள் வரும் வழியிலேயே யோசித்து முடித்திருந்தாள்.

"வந்தா ஊரே ஓடியாரும், நாலு பேரு தூக்குவாங்க. தினம் காலையில கக்கூஸுக்குத் தூக்க யாரு வருவா? நான் ஒருத்திதான்."

அவர் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரமே கீழ்வீட்டுக்குப் போனார்கள்.