எங்கள் ஊரில் காவிரி ஓடவில்லை

மாலை ஆறரை மணியானால் எங்கள் பக்கத்து வீட்டு மதாம் தன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார். பாரிஸின் புறநகரான ஓல்னே-சூ-புவாவில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் சுவர்கள் மெல்லியவை. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். அவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்று பல மாதங்களாக எனக்கு விளங்கவில்லை. ஒருநாள் மின்தூக்கியில் என்னைக் கண்டவர், குரலைத் தாழ்த்தி, "உங்கள் பிரார்த்தனைக்கு என் தொலைக்காட்சி இடைஞ்சலாக இல்லையே?" என்று கேட்டார். எந்தப் பிரார்த்தனை என்று நான் விழித்தேன். பிறகுதான் பிடிபட்டது. அந்த நேரத்தில் என் மகள் ஆரணி கணினிக்கு முன்னால் இருந்து, தமிழ் இணையத்தளம் ஒன்றில் ஒரு பெண்குரல் வாசிக்கும் சிறுவர் கதையை வரிக்கு வரி சேர்ந்து சொல்லுவாள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், அது பாடம், பிரார்த்தனை இல்லை என்றேன். மிக மரியாதையாகத் தலையசைத்தார். அடுத்த நாளும் சத்தத்தைக் குறைத்தார். நானும் விட்டுவிட்டேன்.

நான் தமிழ் எழுதப் பழகியது யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில். ஆசிரியர் 'எனது பாடசாலை' என்று கரும்பலகையில் ஒரு கட்டுரை எழுதுவார். வகுப்பு முழுவதும் அதைப் பார்த்து எழுதும். முப்பது பிள்ளைகளுக்கும் ஒரே பாடசாலை, ஒரே மாமரம், ஒரே அன்பான அதிபர். எங்கள் அதிபரைக் கண்டால் நாங்கள் ஓடி ஒளிப்போம் என்பதை எழுத எவருக்கும் தோன்றவில்லை. எழுத்துப்பிழை விடாதவர் கெட்டிக்காரர். குறை சொல்லவில்லை, என் கையெழுத்து இன்றைக்கும் முத்து முத்தாக இருக்கிறது. ஆனால் நான் என்ன பார்த்தேன், என்ன நினைத்தேன் என்று பள்ளிக்கூடத்தில் என்னை ஒருவரும் கேட்டதில்லை.

ஆரணி இங்கே மழலையர் பள்ளிக்குப் போன காலத்தில் அவளுடைய ஆசிரியை பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார். இந்த ஆண்டு 'திக்தே அ லடுல்த்' செய்யப்போகிறோம் என்றார். பெரியவருக்குச் சொல்வதெழுதுதல் என்று எனக்கு விளங்கியது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், பரீட்சை தாய்க்கா என்று எனக்கு வியர்த்துவிட்டது. அடுத்த கூட்டத்துக்குப் பேனையும் கொப்பியுமாகப் போய் முன்வரிசையில் இருந்தேன். ஆசிரியை சிரிக்கவில்லை, நல்ல மனுசி. பிள்ளை சொல்லச் சொல்லப் பெரியவர் எழுதுவதுதான் அது என்று பொறுமையாக விளக்கினார். எழுதத் தெரியாத பிள்ளைக்கும் சொல்ல ஒரு கதை இருக்குமாம்.

"பிள்ளை பிழையாகச் சொன்னால்?" என்று கேட்டேன்.

"அவள் சொன்னதை வாசித்துக் காட்டுங்கள், மதாம். திருத்த வேண்டும் என்று அவளுக்கே தோன்றும்."

வீடு வரும்வரை அதே நினைப்புத்தான். பிரெஞ்சுக்குச் சரிவருவது தமிழுக்குச் சரிவராதா? அன்றைக்கே இணையத்தில் தேடத் தொடங்கினேன். எழுத்துகள் தொப்பி போட்டு ஆடுகிற தளங்கள் ஏராளம். அவற்றில் பிள்ளை ஆட்டத்தைப் பார்க்கும், எழுத்தைப் பார்க்காது. கதை வாசித்துக் காட்டும் தளங்கள் நல்லவை. ஆனால் குரல் தமிழ்நாட்டுக் குரல்; எங்கள் 'ஓம்' அதற்கு 'ஆமாம்'. "கணினிக்குள்ளை இருக்கிற அக்கா ஏன் ஓம் எண்டு சொல்லுறா இல்லை?" என்று ஆரணி கேட்டாள். கடைசியில் சொற்களே இல்லாத ஒரு தளம் அகப்பட்டது. படங்கள் மட்டும் இருக்கும். கதையை நாங்கள் தட்டச்சுச் செய்ய வேண்டும். அவள் சொல்ல நான் தட்டினேன். ரயிலைத் தவறவிட்ட நாய், தலைமயிர் வெட்டப் பயந்த சிங்கம் என்று எங்கள் வீட்டுக்குள் புதிது புதிதாக ஆட்கள் வந்தார்கள். வாசித்துக் காட்டும்போது, "இல்லை அம்மா, அப்பிடிச் சொன்னால் வடிவில்லை" என்று அவளே மாற்றுவாள். எட்டு வயதில் என்னைத் தள்ளிவிட்டுத் தானே தட்டினாள். பிள்ளை வளர்க்கிறவர்கள் இதை வாசித்தால் சொல்கிறேன்: ஐந்து தளங்களில் மேய வேண்டாம், ஒன்று போதும், பக்கத்தில் நீங்கள் இருக்க வேண்டும்.

வீட்டில் இப்படி என்றால், பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு வேறு உலகம். அங்கே ஆண்டுக்கு ஒரு பேச்சுப்போட்டி உண்டு. பெற்றோர் பேச்சை எழுதிக் கொடுப்பார்கள்; தமிழ் வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிக் கொடுப்பார்கள்; பிள்ளைகள் விளங்காமலே பாடமாக்கி முழங்குவார்கள். ஆரணிக்குப் பத்து வயதானபோது தலைப்பு 'எனது ஊர்'. சமையற்கூடத்தில் இரண்டு நேர வேலை செய்யும் என் கணவருக்கு மகள் பரிசு எடுக்க வேண்டும் என்று கொள்ளை ஆசை. இணையத்தில் ஒரு மாதிரிப் பேச்சைத் தேடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "அருமையான தமிழ். இதைப் பாடமாக்கினால் காணும்" என்றார்.

ஆரணி பாடமாக்கினாள். ஆனால் முகம் கறுத்துவிட்டது. "விளங்காததை நான் ஏன் சொல்லவேணும்? இதுக்குப் பிறகு நான் தமிழ் வகுப்புக்குப் போகமாட்டன்" என்றாள். பிரெஞ்சுப் பள்ளித் தோழிகள் சனிக்கிழமைகளில் நீந்தப் போகிறார்கள், அவளுக்கும் போக விருப்பம். மல்லுக்கட்டிப் பயனில்லை என்று எனக்குத் தெரிந்தது. "இந்த ஒரு முறை பேசுங்கோ. பிறகும் வேண்டாம் எண்டால் விட்டுவிடலாம்" என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் யோசித்தேன். அவள் விட்டால் எங்கள் வீட்டில் தமிழ் எங்களோடு நின்றுவிடும்.

போட்டி நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. முதலில் ஒரு பையன் வந்தான். "எங்கள் ஊரில் காவிரித்தாய் துள்ளி வருகிறாள்!" என்று முழங்கினான். என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது எங்கள் பேச்சு. அடுத்து வந்த சிறுமி வாயைத் திறந்தாள். அவளுடைய ஊரிலும் காவிரித்தாய் துள்ளி வந்தாள். மூன்றாவது பிள்ளைக்கும் அதே காவிரி. பாரிஸின் புறநகரங்களில் இருந்த இத்தனை தகப்பன்மாரும் தேடியபோது முதலில் வந்த அதே பக்கத்தைத்தான் எடுத்திருக்கிறார்கள்! கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெற்றோர், பிள்ளைகளின் வாயில் காவிரி ஓடுவதைக் கேட்டபடி ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அடுத்தது ஆரணி. ஒலிவாங்கிக்கு முன்னால் போய்ப் பேசாமல் நின்றாள். இனி இந்தப் பிள்ளை தமிழ்ப் பக்கம் தலை வைத்தும் படுக்காது என்று நினைத்தேன்.

"எங்கட ஊரிலை காவிரி ஓடேல்லை" என்றாள். "எங்கட ஊர் ஓல்னே. எங்கட ஊரிலை ஒரு கனால் இருக்கு, பெரிய வாய்க்கால். அது ஓடேல்லை, நிக்குது. அதிலை தாராக்கள் நீந்தும். ஒரு தாத்தா ஒவ்வொரு ஞாயிறும் மீன் பிடிக்க வருவார். ஒருநாளும் மீன் பிடிபட்டதை நான் காணேல்லை. ஆனா அவர் திரும்பவும் வருவார். அம்மாவின்ரை ஊரிலை ஆறு இல்லையாம், கிணறுதானாம். நான் அதை இன்னும் பாக்கேல்லை. பாத்தால் பிறகு வந்து சொல்லுறன்."

வணங்கிவிட்டு இறங்கிவிட்டாள். எழுதிக் கொடுத்த ஒரு சொல்லும் இல்லை. ஆட்கள் கை தட்டினார்கள். முதலில் தட்டியவர் என் கணவர், எழுந்து நின்று தட்டினார். எனக்குத் தட்ட வரவில்லை, அழுகைதான் வந்தது. பெருமையில் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

பரிசு கிடைக்கவில்லை. பேச்சு மிகச் சிறிது, பேச்சுவழக்கில் இருந்தது என்றார் நடுவர். விதிப்படி அது சரி. வெளியே வந்ததும் ஆரணி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அடுத்த வருசம் என்ன தலைப்பாம்?" என்று கேட்டாள். நான் அவளைக் கட்டிப்பிடித்தேன்.

அப்போது வெள்ளைத் தலையோடு ஒரு ஐயா எங்களிடம் வந்தார். லா ஷப்பலில் இரண்டு யாழ்ப்பாணத்தார் சந்தித்தால் முதற்கேள்வி எப்போதும் ஒன்றுதான். அவளைப் பார்த்து, "பிள்ளை எந்த ஊர்?" என்றார்.

"ஓல்னே."

"அது இருக்கிற இடம், மேனை. ஊர் எது?" என்றவர், பதிலுக்கு என்னைப் பார்த்தார்.

இத்தனை ஆண்டுகளாக அவளுக்கும் சேர்த்துக் கரவெட்டி என்றுதான் சொல்லி வந்தேன். அன்றைக்கு நாக்கு அப்படிப் புரளவில்லை.

"அவ ஓல்னேதான், ஐயா. நான்தான் கரவெட்டி" என்றேன்.

சொன்ன பிறகு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அறுந்ததுபோல இருந்தது. ஆனால் தலை நிமிர்ந்துதான் இருந்தது. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். வெவ்வேறு ஊர்க்காரர் இருவர், ஒரே வீட்டுக்குப் போகிற ரயிலைப் பிடிக்க நடந்தோம்.