கிரகணத்தன்று நறுக்கிய பலாக்காய்

என் மகளுக்கு எட்டு வயது. இன்னும் பேச்சு வரவில்லை. வலக்கை மடங்கியே இருக்கும். மாத்தளையில் எங்கள் தேயிலைத் தோட்டம் முழுக்க அதற்கு ஒரே காரணம்தான் சொல்வார்கள்: ஏழு மாத வயிற்றோடு, கிரகண நேரத்தில், நான் பலாக்காய் நறுக்கினேன். பசித்தது, நறுக்கினேன். அதை மறைக்காமல் சொன்னதுதான் என் முட்டாள்தனம்.

போன வருடம் கண்டியில் ஒரு டாக்டரம்மா இரத்தப் பரிசோதனை முடிவை வைத்துக்கொண்டு சிங்களத்தில் விளக்கினார். கருவில் மூளையின் மேலடுக்கான புறணிக்குரிய நரம்பணுக்கள் உள்ளே பிறந்து, வெளிப்பக்கம் ஏறிப்போய் அதனதன் இடத்தில் அமர வேண்டுமாம். எந்த மரபணு எப்போது வேலை தொடங்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று பார்த்துக்கொள்ள வேறு மரபணுக்கள் உண்டாம். மலையில் ஆட்களை வரிசை பிரித்து நிறுத்தும் கங்காணி மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். என் மகளிடம் அப்படி ஒரு கங்காணியில் பழுது. நிறைய அணுக்கள் பாதி வழியிலேயே நின்றுவிட்டன. அந்தப் பழுது என்னிடமிருந்தும் வரவில்லை, கணவரிடமிருந்தும் வரவில்லை. கரு உண்டானபோதே புதிதாக நேர்ந்தது.

கிரகணத்தைப் பற்றிக் கேட்டேன். அதற்குப் பல மாதங்கள் முன்பே நடந்து முடிந்த காரியம் என்றார். மாத்தளை வரும்வரை பஸ்ஸில் அழுதேன். துக்கமில்லை, கோபம்.

மாமியாரிடம் சொன்னேன். "டாக்டருக்கு கிரகணத்த பத்தி என்னா தெரியும்?" என்றார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

பிறகு நாத்தனாருக்கு வளைகாப்பு வந்தது. "நீ சமையல பாத்துக்க. வளையல் போட வராத. புள்ளையயும் கூட்டிட்டு வராத" என்று மாமியார் முதல்நாளே சொல்லிவிட்டார்.

நான் கல்யாணச் சேலையைக் கட்டினேன். மகளுக்குப் புதுச் சட்டை போட்டு, நேரே நாத்தனாரின் நாற்காலி முன்னால் போய் நின்றேன். சந்தனம் கரைத்துக்கொண்டிருந்தவர்கள் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள்.

"ஒனக்கு புத்தி இருக்கா?" என்றார் மாமியார்.

"இருக்கு மாமி. அதான் வந்தேன்."

நாத்தனார் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணி, போன கிரகணத்தன்னைக்கு நானும் மாங்கா நறுக்கிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. பயமா இருக்கு" என்று காதில் சொன்னாள்.

அங்கேயே உட்கார்ந்து, கங்காணி கதையை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "கத்திக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று முடித்தேன். அவள் மாங்காய் நறுக்கியதை மட்டும் நான் சொல்லவில்லை.

நாத்தனார் கண்ணைத் துடைத்துவிட்டு, என்னிடம் இல்லை, என் மகளிடம் கையை நீட்டினாள்.

மகள் தட்டிலிருந்த ஒரு வளையலை எடுத்து, இடக்கையால் அத்தையின் கையில் மாட்டித் தள்ளினாள். விரல் முட்டிகளைத் தாண்ட வெகுநேரம் ஆனது. உதவ வந்த மாமியாரின் கையை நாத்தனாரே விலக்கினாள்.