தாமோதரன் பிடித்த கைகள்

உசிலம்பட்டியில் என் பங்காளி வீட்டுக் காதுகுத்து. மண்டப வாசலில் மைக் செட் காதைப் பிளந்துகொண்டிருந்தபோது சுசீலாவிடமிருந்து போன் வந்தது. "அண்ணே" என்றது மட்டும் கேட்டது. "கேக்கலம்மா, சத்தமாச் சொல்லு" என்று கத்தினேன். மறுபடியும் சொன்னாள். மறுபடியும் கேட்கவில்லை. சமையல் கொட்டகைக்குப் பின்னால் ஓடிப்போய், "இப்பச் சொல்லு" என்றேன். "அவரு போயிட்டாருண்ணே" என்றாள். புருஷன் செத்த செய்தியை ஒரு பெண்ணை இத்தனை தடவை சொல்லவைத்தவன் நானாகத்தான் இருப்பேன்.

தாமோதரனை இங்கே கூடியிருக்கிற நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். திருநகரில் எனக்கு அடுத்த தெரு. நாங்கள் இருவரும் ஒரே அரசு அலுவலகத்தில், ஒரே பிரிவில், எதிரெதிர் மேஜையில் எழுத்தர்களாக இருந்து தலை நரைத்தவர்கள். அவன் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள், என் வீட்டில் உசிலம்பட்டித் தமிழ். ஆனாலும் சேர்ந்த நாளிலிருந்தே அவன் எனக்கு மாப்ள, நான் அவனுக்கு மாப்ள. அந்த முறையில்தான் சுசீலா எனக்குத் தங்கச்சி ஆனாள்.

ஓய்வு பெற்ற புதிதில் அவன் பட்ட பாட்டைச் சிலர்தான் பார்த்திருப்பீர்கள். காலையில் குளித்து, சட்டையை இன் பண்ணிக்கொண்டு, பழைய ஆபீசுக்கே போய் மனு கொடுக்க வருகிறவர்களுக்கான பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். புதுப் பிள்ளைகள் "என்ன வேணும் சார்?" என்று கேட்பார்கள். "சும்மா வந்தேன்" என்பான். பிறகு அதுவும் நின்றது. கையில் செல்போனை வைத்துத் தள்ளிக்கொண்டே நாளைக் கழித்தான். "டீ எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, டீ குடிச்சதே ஞாபகம் இல்லங்கிறாருண்ணே" என்று சுசீலா என்னிடம் அழுதாள். எனக்குக் கோபம்தான் வந்தது. பென்ஷன் வருகிறது, சுகர் இல்லை, இவனுக்கு என்ன கேடு என்று நினைத்தேன்.

பெங்களூரில் இருக்கும் மகனின் பிறந்தநாளுக்கு, கீழக்குயில்குடி போகிற சாலையில் இருக்கும் முதியோர் இல்லத்தில் மதியச் சாப்பாடு போட்டார்கள். நானும் போயிருந்தேன். தாமு சாம்பார் வாளியோடு வந்தவன், சின்னையா என்ற பெரியவரின் இலை முன்னால் நின்றுவிட்டான். அவருக்கு நகங்கள் நீண்டு, வெடித்து, வளைந்து கிடந்தன. சோற்றைப் பிசைய முடியாமல் உள்ளங்கையால் ஒதுக்கி ஒதுக்கி வாயில் போட்டுக்கொண்டிருந்தார். பந்தி முடிவதற்குள் தாமு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்கோ போனான். வந்தபோது சட்டைப்பையில் ஒரு நகவெட்டி இருந்தது.

மறுநாளும் போனான். அதற்கு மறுநாளும். போனை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போவான். வெதுவெதுப்பான தண்ணீரில் அங்கிருக்கும் பெரியவர்களின் விரல்களை ஊறவைப்பான், துண்டால் ஒற்றுவான், பிறகுதான் வெட்டுவான். கூடப் போன நான், "இந்தா, நான் இந்தப் பக்கம் வெட்டுறேன், வெரசா முடியும்" என்றேன். "முடிச்சு என்ன செய்யப்போற மாப்ள? ஒரு வெரலு முடியாம அடுத்த வெரலப் பாக்காத" என்றான். ஆபீசில் ஒரு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசியவனா இவன் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் வெள்ளிக்கிழமை வந்ததும் சிக்கல். பெண்கள் எல்லோரும் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார்கள். "வெள்ளி செவ்வாயில நகம் வெட்டுனா வீட்டுல லெச்சுமி தங்குமாப்பா?" என்றார் ஒருவர். "எந்த வீட்டுல?" என்று நான் முணுமுணுத்தேன். தாமு என் காலை மிதித்தான். அப்போது மரியபுஷ்பம் டீச்சர்தான் இரண்டு கைகளையும் நீட்டினார். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆயுள் முழுக்கப் பாடம் நடத்தியவர், கண் பார்வை மங்கிப்போய் அங்கே வந்து சேர்ந்தவர். "எனக்கு வெள்ளியும் கெடையாது, செவ்வாயும் கெடையாது. வாங்க சார்" என்றார். அன்றிலிருந்து அந்த இரண்டு கிழமையும் டீச்சருக்கு என்று ஆயிற்று. பெரிய வெள்ளியன்று மட்டும் அவரும் கையை மடக்கிக்கொண்டார்.

ஒருநாள் கேட்டேன், இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று. "அவங்க கையப் புடிச்சு எம்புட்டு நாளாச்சோ மாப்ள. ஊசி போடத்தான் தொடுறாங்க. நான் புடிச்சதும் அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமா எளகும் பாரு, அத கவனிக்கணும். அந்த நேரம் வேற ஒண்ணும் மனசுல ஓடாது" என்றான். இதற்கு மேல் அவன் விளக்கியதில்லை. வீட்டிலும் டீயை டீயாகக் குடிக்கத் தொடங்கியிருந்தான். ஏலக்காய் கூடிப்போச்சு என்று குறை சொல்கிறார் என்று சுசீலா சந்தோஷமாகச் சொன்னாள்.

அவனுக்குக் குடலில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் அவன் போய்க்கொண்டுதான் இருந்தான். மருந்து ஏற்ற ஏற்ற விரல் நுனிகள் மரத்துப்போயின. சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் சின்னையாவின் கட்டைவிரலில் நகத்தோடு சதையையும் சேர்த்து வெட்டிவிட்டான். சதை வெட்டுப்பட்டது அவன் விரல்களுக்குத் தெரியவில்லை, அவர் முகம் சுளித்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. "ஒண்ணுமில்லய்யா, ஒண்ணுமில்ல" என்று அவர்தான் இவனைத் தேற்றினாராம்.

வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. மருந்துக்கு வரமாட்டேன் என்றான். "இனி நான் எதுக்கு மாப்ள?" என்று சுவரைப் பார்த்தே கேட்டான். கோபப்பட மட்டும்தான் எனக்குத் தெரியும், அதைச் செய்தேன். சுசீலாவையும் மகனையும் சொல்லிக் கத்தினேன். அவன் அசையவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டால் நோய்க்கு முன்னாலேயே அவன் போய்விடுவான் என்று எனக்கும் சுசீலாவுக்கும் புரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவனை ஆட்டோவில் ஏற்றினேன். சின்னையா பார்க்கணும் என்கிறார், மன்னிப்பாவது கேட்டுவிட்டு வா என்றேன். போய் நாற்காலியில் குன்றி உட்கார்ந்தான். சின்னையா கட்டைவிரலை ஆட்டிக் காட்டினார், ஆறியிருந்தது. டீச்சர் தடவித் தடவி வந்து அவன் கையைப் பிடித்துப் பார்த்தார். மருந்தில் கறுத்து, வரிவரியாகி, வளர்ந்து கிடந்த நகங்கள்.

"என்ன சார் இது? ப்ரேயர்ல வரிசையா நிக்கவச்சு நகம் பாத்தவ நான். என் வகுப்புல இப்படி வந்தா வெளிய நிப்பாட்டிருவேன். கைய நீட்டுங்க."

"வேணாம் டீச்சர். நான் செய்ய வந்த எடத்துல நீங்க..."

"கைய நீட்டுங்கன்னேன்."

நீட்டினான். யாரோ வெந்நீர் கொண்டுவந்தார்கள். டீச்சர் சன்னல் ஓரம் அவனை இழுத்து உட்காரவைத்து, நகத்தின் விளிம்பை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து வெட்டினார். வெள்ளிக்கிழமை என்று ஒருவரும் சொல்லவில்லை. முந்தானைக்குள் கையை ஒளித்தவர்களே சுற்றி நின்று, "மெதுவா டீச்சர், மெதுவா" என்றார்கள். டீச்சரின் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தாமு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான். திரும்பி வரும்போது ஆட்டோவில், "நாளைக்கும் வாரேன்னு சொல்லிட்டேன் மாப்ள. பாவம், அவங்களுக்கும் ஒரு வேல வேணும்ல" என்றான்.

நடக்க முடிந்தவரை போனான். நடக்க முடியாதபோது நான் கொண்டுபோனேன். அங்கே அவனுக்குக் கால் பிடித்துவிட ஒருவர், கஞ்சி ஆற்றிக் கொடுக்க ஒருவர். அவனை எதிர்பார்த்துக் காலையிலேயே தலை வாரிக் காத்திருப்பார்களாம். மருந்துக்கும் மறுக்காமல் போனான். சாவதற்கு முந்தின வாரம்தான் கடைசியாகப் போய் வந்தான்.

தகனம் முடிந்த மறுநாள் நான்தான் போய்ச் சொன்னேன். சின்னையா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"நகம் வளந்திருந்துச்சா?" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர். நீங்க வெட்டுனது அப்படியே இருந்துச்சு."

"அப்ப சரி" என்று தலையைக் குனிந்துகொண்டார். நான் கிளம்பியபோது, "நாளைக்கு வருவீங்களா?" என்று கேட்டார்.

"எனக்கு நகம் வெட்ட வராது டீச்சர். அவன் பொறுமை எனக்கு ஏது?"

"நீங்க வெட்ட வேணாம்" என்றார்.

அவனைத் தெரிந்த நீங்கள் அவனிடமிருந்து எதை எடுத்து வைத்துக்கொள்வீர்களோ, எனக்குத் தெரியாது. கொடுக்க ஒன்றுமில்லாதபோதும் கையை நீட்டலாம் என்பதை நான் வைத்துக்கொண்டேன். தினமும் காலையில் போகிறேன். சன்னல் ஓரம் உட்கார்ந்து நீட்டுகிறேன். வெட்ட நகமே இல்லை என்பது டீச்சருக்கும் தெரியும். பிடித்துக்கொள்கிறார்.